பாட்டுப்பெட்டிக்குள் அமீன் சயானி

பழைய இந்திப் பாடல்களை ஏற்றி, அந்தக் கால டிரான்சிஸ்டர் போலவே செய்து விற்கிறார்களே, அந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறேன். பாட்டுக்காக அல்ல, பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி தொகுத்து வழங்கிய ‘கீத்மாலா’, அதாவது இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்திச் சொல்லும் நிகழ்ச்சி, இதில் இருக்கிறது.

கல்யாணமாகி பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தபோது எனக்கு இந்தி தெரியாது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இலங்கை வானொலியில், பினாக்கா பற்பசையின் பெயரைத் தாங்கி, ‘பினாக்கா கீத்மாலா’ வரும். பால்காரர் பேசுவது புரியாத எனக்கு அமீன் சயானி பேசுவது புரிந்தது. அதில் அவருடைய தாயாருக்குப் பங்குண்டு என்பேன். குல்சும் சயானி, புதிதாக எழுத்தறிந்தவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்ற இதழை எளிய இந்துஸ்தானியில் நடத்தியவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கடினமான சொல் வாயில் வருமா?

1952இல் நிகழ்ச்சி தொடங்கியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. வாரச் சம்பளம் 25 ரூபாய். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் திரைப்பாடல்களுக்கு இடம் தராமல் ஒதுக்கிவைத்திருந்த காலம். பம்பாயில் பதிவான நாடா விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து சிற்றலையில் நம் வீட்டுக்கே திரும்பி வரும். இந்தக் கூத்தை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான்.

இனி பெட்டி. அன்று ஒலிபரப்பான அசல் நாடாக்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள். பிற்காலத்தில் அவர் பழைய வருடங்களைத் திரும்பிப் பார்த்துப் பேசிய தொகுப்புகளே இவை. குரலில் இளமைத் துள்ளல் குறைவு, ஆனால் நிதானம் கூடியிருக்கிறது. எந்தப் பாட்டு எந்தப் படியில் ஏறியது, எது சறுக்கியது என்று அவர் சொல்லும்போது இப்போதும் ஆவல் குறைவதில்லை. பற்பசை விளம்பரம் இல்லாதது எனக்குக் குறைதான். ஒலிபெருக்கி பேச்சுக்குத் தெளிவு, பாட்டில் தபேலா கொஞ்சம் அமுங்குகிறது. ரிமோட்டின் எழுத்துகளைப் படிக்க என் கண்ணாடி போதவில்லை. திருகு மட்டும் அருமை; விரலுக்கு இதமாக, ‘டக்’ என்று உட்காருகிறது.

2024 பிப்ரவரியில், 91 வயதில் அவர் காலமானார். அதன் பிறகு கேட்பவர்களுக்கு விலை சற்று அதிகமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: இதே வடிவத்தில் தமிழ்ப் பாடல் பெட்டியும் வருகிறது. அதில் அவர் கிடையாது. அட்டையில் ‘கீத்மாலா’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.