புகார் மூடிய இரட்டைக் கண்ணாடி: துளைப்பதா, மாற்றுவதா, ஒற்றைக்குத் திரும்புவதா?

கிளிநொச்சியில் கண்டி வீதிக்கு அருகே எங்கள் குடும்பம் கட்டிய வீட்டில் ஒன்பது யன்னல்கள் இரட்டைக் கண்ணாடி பொருத்தியவை. வன்னியில் அது வழமையான தெரிவன்று. இலண்டனில் இருக்கும் அண்ணர், தம் வீட்டில் உள்ளவை போன்றே இங்கும் இருக்கவேண்டும் என்று விரும்பி, யூபிவிசி எனப்படும் கடின பிளாஸ்டிக் சட்டங்களோடு அவற்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார். 12 மாரிகளைக் கண்ட பின்னர், மூன்று யன்னல்களில் கண்ணாடிகளுக்கு நடுவே பனிமூட்டம் போன்ற ஈரப் புகார் படிந்துவிட்டது. ஒன்று சாத்த மறுக்கிறது. இன்னொன்றின் அடிச்சட்டத்தில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. இவற்றைத் திருத்துவதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஈரம் எந்த முகத்தில் இருக்கிறது என்பதை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளிலிருந்து உறவினர் சொல்லும் அறிவுரைகள் அறையின் உட்புறத்தில் வேர்ப்பதைப் பற்றியவை, ஏனெனில் அங்கே சூடான, ஈரமான காற்று வீட்டுக்குள் இருக்கிறது. இங்கே அது வெளியே இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் கொண்ட காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையின் கண்ணாடி காலையில் வெளிப்புறமாக வேர்த்திருப்பது அதனால்தான், அது பழுதன்று. இரட்டைக் கண்ணாடியின் விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெளியே வேர்த்தாலும், இரு கண்ணாடிகளையும் பிரித்துநிற்கும் அலுமினிய இடைச்சட்டம் அவ்விடத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. உள்ளே துடைத்தும் வெளியே துடைத்தும் போகாத புகாரே கண்ணாடியின் பழுது.

அந்தப் பழுது வரும் விதத்தை அறிந்துகொண்டால் தெரிவு எளிதாகும். இடைச்சட்டத்தின் குழாய்க்குள் ஈரமுறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. அதன் இருபுறமும் பியூட்டைல் பசையும், வெளிவிளிம்பைச் சுற்றி பொலிசல்பைட் அல்லது சிலிக்கன் பூச்சும் காற்றுப் புகாமல் அடைக்கின்றன. மேற்கு வெயிலில் நடுவிலுள்ள காற்று 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறுகிறது என்று கொண்டால், கண்ணாடி சற்றும் வளைந்து இடங்கொடாவிட்டால் அமுக்கம் ஏறத்தாழ 12 வீதம் உயரும். கண்ணாடி வளைந்துகொடுப்பதால் அவ்வளவு உயராது எனினும், நாள்தோறும் அடைப்பு இழுபட்டுச் சுருங்குகிறது. அடிச்சட்டத்தில் தேங்கும் தண்ணீர் அந்த அடைப்பை ஊறவைக்குமானால் கேடு இன்னும் விரைவாகும். ஓரிடத்தில் வழி பிறந்ததும் நீராவி உள்ளே போகிறது. மணிகள் முடிந்தவரை உறிஞ்சிப் பின்னர் கைவிடுகின்றன. தொடக்கத்தில் காலையில் தோன்றி நண்பகலில் மறையும் புகார், ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்கறையாக நிலைத்துவிடுகிறது. அந்தக் கறையில் ஒரு பகுதி, ஈரம் கண்ணாடியையே அரித்ததால் வந்தது. அதை எந்தத் திரவத்தாலும் கழுவ இயலாது.

புகாருக்கு முன்வைக்கப்படும் வழிகள்

மிக மலிவானதாகத் தோன்றுவது, கண்ணாடியின் மூலையில் சிறு துளையிட்டு உள்ளே கழுவி, உலர்த்தி, துளைக்கு மூச்சுவிடும் மூடியொன்றை வைக்கும் முறை. உலர்ந்த ஐரோப்பியக் காற்றில் இதற்கு ஓரளவு பொருள் உண்டு. கார்த்திகை மாரியில், மூச்சுவிடும் துளை வழியாக உள்ளே போவது ஈரக் காற்றுத்தான். நிறைவடைந்த மணிகள் மாற்றப்படுவதில்லை. வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் ஆர்கன் வாயு நடுவே நிரப்பப்பட்டிருந்தால் அதுவும் போய்விடும். சூடாக்கிக் கடினமாக்கிய டெம்பர்ட் கண்ணாடியாக இருந்தால் துளையிடும்போதே அது பொடியாக உதிரும். வெளிவிளிம்பைச் சுற்றிச் சிலிக்கன் பூசினால் போதும் என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் சொன்னபோது, கூடவந்த அலுமினியம் பாஸ் அவரிடம், “அண்ணை, வெளியால பூசினா உள்ளுக்க நிக்கிற தண்ணி எங்க போறது?” என்று கேட்டார். துளைக்கும் முறைக்கும் பூசும் முறைக்கும் அந்த ஒரு கேள்வியே போதுமானது.

கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுவதே நேர்மையான பழுதுபார்ப்பு. சட்டம் அப்படியே இருக்கும். கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் உட்பட்டிகளைக் கழற்றி, பழைய தொகுதியை எடுத்து, அதே தடிப்பில் புதியதை வைக்க வேண்டும். 4 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டும் 12 மில்லிமீற்றர் இடைவெளியும் சேர்ந்தால் 20. இடைவெளி 16 ஆனால் 24. அளவெடுக்கும்போது சட்டத்தின் குழியளவிலிருந்து நீளத்திலும் உயரத்திலும் 10 மில்லிமீற்றர் அளவு குறைத்தே சொல்ல வேண்டும். டெம்பர்ட் கண்ணாடியைப் பின்னர் வெட்டித் திருத்த முடியாது. எடையையும் மறந்துவிடக் கூடாது. கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் சதுர மீற்றருக்கு இரண்டரைக் கிலோ நிறை கொண்டது; 1.2 மீற்றர் சதுரமான இரட்டைக் கண்ணாடி கிட்டத்தட்ட 29 கிலோ வரும். ஒருவர் தனியாகத் தொடும் வேலையன்று இது.

இவ்வழியை மேற்கொள்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. கண்ணாடியில் வெப்பத்தைத் திருப்பும் லோ-ஈ பூச்சு இருந்தால், குளிர்நாட்டுக்குச் செய்த தொகுதியில் இரு கண்ணாடிகளின் நான்கு முகங்களை வெளியிலிருந்து எண்ணும்போது அது மூன்றாவது முகத்தில் இருப்பதே வழமை. வெயிலைத் தடுக்க வேண்டிய நமக்கு அது இரண்டாவது முகத்தில் இருக்க வேண்டும். இருட்டிய பின்னர் லைற்றர் சுடரைக் கண்ணாடிக்கு அருகே பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும். நிறம் மாறித் தெரிவது பூச்சுள்ள முகம். எங்கள் யன்னல்களில் அது மூன்றாவதாகவே இருந்தது. 12 ஆண்டுகளாக ஒரு குளிர்நாட்டு யன்னல் வன்னி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் சரியான பூச்சோடு புதிய தொகுதி வாங்கிவிடலாமே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்ட பிறகே மனம் மாறியது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, உள்ளும் வெளியும் ஒரு பாகை வேறுபட்டால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5.8 வாற்று வெப்பத்தைக் கடத்தும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி 2.8 வாற்று. நமது 1.2 மீற்றர் சதுர யன்னலில், இரவில் வெளியே 30 பாகையும் உள்ளே 22 பாகையும் இருந்தால் ஒற்றையில் 67 வாற்று, இரட்டையில் 32 வாற்று. மிச்சம் 35 வாற்று வெப்பம். எட்டு மணிநேரம் ஓடும் ஏசி ஒரு பங்கு மின்சாரத்தால் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று கொண்டால், ஓர் இரவில் ஒரு யன்னலால் மிஞ்சுவது மின்மானியின் ஓர் அலகில் பத்திலொன்றுகூட இல்லை. இதற்கு எதிராக, மாலை வெயில் சதுர மீற்றருக்கு 500 வாற்று என்று அடக்கமாக வைத்துக்கொண்டாலும், தெளிந்த இரட்டைக் கண்ணாடியூடாக அந்த ஒரே யன்னலால் 500 வாற்றுக்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது. அதைப் பெருமளவு வெளியிலேயே நிறுத்துவது யன்னலுக்கு மேலே இறக்கிய ஒரு தகரப் பத்தியும் அதற்கப்பால் நிற்கும் வேம்பும். நம் பெரியவர்கள் விறாந்தை வைத்துக் கட்டியதைப் பழமை என்று சொல்லி விட்டுவிட்டு, அந்தப் பணத்தைக் கண்ணாடியில் போட்டிருக்கிறோம்.

இரைச்சலுக்காகவேனும் இரட்டை வேண்டாமா என்ற கேள்வி கண்டி வீதிக் கரையில் நியாயமானதே. இரவில் ஓடும் கொழும்பு பஸ்களைக் கேட்டவர்களுக்கு அது விளங்கும். ஆயினும் ஒரே தடிப்புள்ள இரண்டு 4 மில்லிமீற்றர் கண்ணாடிகள் ஒலியைத் தடுப்பதில், நல்ல ஒற்றை லமினேற்றட் கண்ணாடியைவிட மேலானவை அல்ல. இரண்டு 3 மில்லிமீற்றர் தாள்களை நடுவே ஒட்டுப்படலம் வைத்து இணைத்த, 6.38 மில்லிமீற்றர் தடிப்புள்ள லமினேற்றட் கண்ணாடி, தாராளமாக அவற்றுக்கு ஈடுகொடுக்கும். உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. வீதி இரைச்சல் பெரும்பாலும் கண்ணாடியால் வருவதுமில்லை. தேய்ந்த இறப்பர் பட்டியின் நீக்கலால் வருகிறது. புகார் படிந்த தொகுதியும் ஒலியைப் பொறுத்தவரை புதியதைப் போன்றே வேலை செய்யும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ஒற்றைக்குத் திரும்புவது இங்கே பின்வாங்கல் அன்று. அதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: 20 மில்லிமீற்றருக்கு வெட்டிய குழியில் 6.38 மில்லிமீற்றர் கண்ணாடியை வைத்தால் மீதி இடத்தை நிரப்ப, அதே யூபிவிசி வகைக்குரிய தடித்த உட்பட்டி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பாஸ்மார் மரத்துண்டையும் சிலிக்கனையும் கொண்டு ஒப்பேற்றுவார்கள். சோளகக் காற்று இரண்டு பருவம் அடித்ததும் கண்ணாடி ஆடத் தொடங்கும். பட்டி கிடைக்காத இடத்தில் புதிய இரட்டைத் தொகுதியே மேல். யன்னலை முழுவதுமாகப் பிடுங்கி மாற்றுவது, சட்டம் முறுகியிருந்தாலன்றித் தேவையற்றது. சுவரும் பூச்சும் உடைந்து மேசன் வேலையும் சேர்ந்துவிடும். ஏசி இல்லாத விறாந்தைப் பக்க அறையில் புகாரை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு முறையான தெரிவே.

சட்டத்தின் பழுதுகள்

கண்ணாடியைக் குறைசொல்லும் வீடுகளில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அடிச்சட்டத்தின் வடிதுளை. மழைநீர் சட்டத்துக்குள் ஓரளவு வரும் என்பதை எதிர்பார்த்தே இந்த யன்னல்கள் செய்யப்படுகின்றன. அது வெளிப்புறத்தில் உள்ள சிறு பிளவுகளால் வடிந்துபோக வேண்டும். கோடையில் செம்மண் புழுதி அதை அடைக்கிறது. குளவி தன் மண்கூட்டைக் கட்டுவதற்கும் அந்தத் துளையையே தேடி வருகிறது. ஒரு கோப்பை தண்ணீரை உள்வாய்க்காலில் ஊற்றினால் அது வெளியே வழிய வேண்டும். வழியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்குவது ஒரு வழி, சிலிக்கனால் எல்லா நீக்கலையும் பூசிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத்தான் அதிகம் காண்கிறேன். அது வடிதுளையையும் சேர்த்து அடைத்து, கண்ணாடியின் அடைப்பைத் தண்ணீரில் நிற்கவைக்கிறது. மேலும், பூசும்போது வினாகிரி மணம் வீசும் மலிவான சிலிக்கன், தொகுதியின் பியூட்டைல் பசையையும் லமினேற்றட் விளிம்பையும் கெடுக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்புக்குச் சிலிக்கன் பொருத்தமானதே, ஆனால் மணமில்லாத நியூட்ரல் வகையை வாங்க வேண்டும்.

தேய்ந்த இறப்பர் பட்டியை மாற்றுவது எவரும் செய்யக்கூடிய வேலை. ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் அதே குறுக்குவெட்டு வாங்க வேண்டும். இழுத்து வைத்தால் நாளடைவில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும் ஆதலால், சற்றே கூடுதலாக விட்டு அழுத்திவைக்க வேண்டும்.

சாத்த மறுக்கும் யன்னலுக்குப் பிணைச்சலை மாற்று என்பதே பொதுவான தீர்ப்பு. முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்றில் உருக்குத் துருவேறியிருந்தால் அது சரிதான். அங்கே 316 வகைத் துருவேறா உருக்கு கேட்டு வாங்குவது நல்லது. கிளிநொச்சியில் எங்கள் யன்னலில் பிணைச்சல் நன்றாகவே இருந்தது. தாழ்ந்துபோனது யன்னல் கதவு. கண்ணாடியின் நிறை, பிணைச்சல் பக்கத்து அடிமூலையில் தொடங்கி எதிர்ப்பக்கத்து மேல்மூலை வரை சாய்வாகத் தாங்கப்பட வேண்டும். அந்த இரு மூலைகளிலும் வைக்கும் பிளாஸ்டிக் ஆப்புகள் நழுவிவிட்டால் கதவு சரியும். உட்பட்டிகளைக் கழற்றி, ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆப்பைச் சேர்த்ததும் பூட்டு நேராகப் பொருந்தியது. பட்டியைக் கழற்றும்போது நீளமானதின் நடுவிலிருந்து தொடங்கி, திரும்பப் போடும்போது குட்டையானவற்றை முதலில் போட வேண்டும். பூட்டின் பொறிக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிடலாம். அது புழுதியைப் பிடித்துக் களியாக்கும். உலர்ந்துநிற்கும் சிலிக்கன் ஸ்பிரே போதும்.

மூன்று புகார் யன்னல்களில், விறாந்தைப் பக்கத்து இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறோம். வீதிப் பக்கத்து படுக்கையறைக்கு லமினேற்றட் ஒற்றையும் அதற்குமேல் தகரப் பத்தியும் என்று முடிவாயிற்று. தடித்த உட்பட்டியின் குறுக்குவெட்டை அளந்து படமெடுத்து அண்ணருக்கு அனுப்பியிருக்கிறேன். பத்திக்கான மரம் வந்துவிட்டது, பட்டி இன்னும் வரவில்லை.