அளவு குறைக்கக் கொடுத்த வைர பிரேஸ்லெட்: நான்கு கண்ணிகள் காணவில்லை, ஒரு கல் மாறிவிட்டது

வைர பிரேஸ்லெட்டை அளவு குறைக்கவோ பழுதுபார்க்கவோ கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு நடந்த மோசடி வாங்கும்போது நடக்கவில்லை. பில் சரியாக இருந்தது, கற்களும் சரியாக இருந்தன. "அளவு குறைத்துத் தருகிறோம்" என்று வாங்கி உள்ளே கொண்டுபோன பிறகுதான் கைவரிசையைக் காட்டினார்கள். கழற்றிய நான்கு கண்ணிகளைத் திருப்பித் தரவில்லை. திருப்பித் தந்த நகையிலும் ஒரு கல்லை மாற்றியிருந்தார்கள்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் உங்களுக்கு உதவும் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஒரே வரிசையாகக் கற்கள் பதித்த, டென்னிஸ் பிரேஸ்லெட் என்று சொல்லப்படும் வகை. 18 காரட் வெள்ளைத் தங்கம் (இந்தக் காரட் தங்கத்தின் தூய்மை, கல்லுக்குச் சொல்லும் காரட் எடை). 54 கற்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.10 காரட், மொத்தம் 5.40 காரட் இயற்கை வைரம் என்று பில்லில் தெளிவாக எழுதியிருந்தது. நீளம் 19.4 செ.மீ. என் மணிக்கட்டின் சுற்றளவோ 16.5 செ.மீ.தான். நாடாவை ஒட்டினாற்போல் சுற்றி அளந்து, அதோடு ஒன்றரை செ.மீ. கூட்டினால் இந்த வகைக்குச் சரியாக இருக்கும். மாட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாக நுழையக் கூடாது. தளர்வாக இருந்தால் பிரேஸ்லெட் புரண்டு கற்கள் உள்பக்கம் போய்விடும். மேசை விளிம்பிலும் கதவிலும் இடித்துக்கொண்டே இருக்கும். இறுக்கமாக இருந்தால் கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் கொக்கியும் கண்ணிகளும் இழுபடும். கல்லும் அதைப் பதித்திருக்கும் உலோகக் கட்டும் பெரிதாக இருக்கும் பிரேஸ்லெட்டுக்கு இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் தடிமனே உள்சுற்றளவைத் தின்றுவிடும்.

ஆக எனக்கு வேண்டியது 18 செ.மீ. ஒரு கல் பதித்த ஒரு கண்ணியின் நீளம் 3.6 மி.மீ. என்பதால் நான்கு கண்ணிகளைக் கழற்றினால் கணக்கு சரியாக வரும். கழற்றித் தருவது இலவசம் என்றார்கள். ஒரு வேலைச் சீட்டு கொடுத்தார்கள். அதில் "பிரேஸ்லெட் 1, அளவு குறைக்க" என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. கற்களின் எண்ணிக்கையும் எடையும் எழுதித் தரச் சொன்னேன். "பில்லில் எல்லாம் இருக்கிறதே, அதுவே போதும்" என்று சொல்லி, நகையை உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது பிரேஸ்லெட் புதிதுபோல் பளிச்சென்று இருந்தது. மேலே ரோடியம் என்ற பளபளப்பான வெள்ளை உலோகப் பூச்சு புதிதாகப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தங்கத்துக்கு ரோடியம் பூசுவது வழக்கம்தான், அது காலப்போக்கில் தேயும், மறுபடி பூச வேண்டும். ஆனால் வாங்கிச் சில வாரங்களே ஆன நகைக்கு அது எதற்கு? பற்றவைத்த இடத்தின் தடம் அந்தப் பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கழற்றிய கண்ணிகளைக் கேட்டேன். "அளவு குறைத்தால் அவ்வளவுதான் மேடம், அது வேலையில் கழிந்துவிடும்" என்றார் விற்பனையாளர். கல் எப்படிக் கழியும்? தங்கத்தை அராவினால் தூள் விழும், கொஞ்சம் குறையும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். முழுதாகக் கழற்றிய கண்ணியும் அதில் பதித்த வைரமும் எங்கே கரைந்துபோகும்? 54 கற்களுக்கு விலை கொடுத்தவருக்கு 50 கற்கள் உள்ள நகையைக் கொடுத்தால், மீதி நான்கும் கட்டோடு ஒரு சின்ன உறையில் அவர் கைக்கு வந்தாக வேண்டும். அவை வீண்பொருளும் அல்ல. பின்னாளில் கை பருத்தால் நீளம் கூட்டவும், ஒரு கல் விழுந்தால் அதே அளவும் நிறமும் உள்ள கல்லைப் பதிக்கவும் அவைதான் பயன்படும்.

இதில் கடைக்குச் சாதகமாக இருப்பது வைரத்தின் எடைக்கணக்கு. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஐந்து காரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். என்னிடமிருந்து போன நான்கு கற்களும் சேர்ந்து 80 மில்லிகிராம். கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. வீட்டுத் தராசும் காட்டாது. எண்ணினால் மட்டுமே தெரியும்.

கல் மாறிய விஷயம் காப்பீடு எடுக்கப்போனபோது வெளிப்பட்டது. காப்பீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றார்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு இரத்தினப் பரிசோதகரிடம் போனேன். அவர் முதலில் பிரேஸ்லெட்டை வெள்ளைத் தாளில் கவிழ்த்துப் போட்டார். கற்களின் நிறம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க அதுதான் நல்ல வழி. முகப்பின் ஜொலிப்பு நிறத்தை மறைத்துவிடும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக நகர்ந்தார். கொக்கியிலிருந்து இரண்டாவது கல்லில் நின்றுவிட்டார். லென்ஸை என்னிடம் கொடுத்து, "நேராகப் பார்க்காதீர்கள், சாய்த்து, ஓரத்துப் பட்டை வழியாகப் பாருங்கள்" என்றார்.

மற்ற கற்களில் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் மெல்லிய ஒற்றைக் கோடுகளாகத் தெரிந்தன. இந்தக் கல்லில் மட்டும் ஒவ்வொரு கோடும் இரட்டையாக, ஒன்றையொன்று ஒட்டி இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. வைரத்தில் அப்படித் தெரியாது. வைரம் ஒளியை இரண்டாகப் பிரிக்காது, மோய்சனைட் பிரிக்கும். மோய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. 1893இல் ஆன்றி முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அரிசோனாவில் விழுந்த விண்கல்லில் முதலில் கண்டது. இன்று நகைக்கடைகளில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. அதுவும் அழகான கல்தான், மோய்சனைட் என்று சொல்லி விற்றால் எந்தக் குற்றமும் இல்லை. வைரம் என்று பில் போட்ட நகைக்குள் அது வந்து உட்கார்ந்ததுதான் திருட்டு.

அந்தக் கல்லைக் கட்டிய வேலையும் தனியாகத் தெரிந்தது. மற்ற கற்களின் பிடிகள், அதாவது கல்லைக் கவ்வும் சின்ன உலோக நகங்கள், உருண்டு வழவழப்பாக இருக்க, இதன் பிடிகள் சற்றுத் தட்டையாக, ஒன்று சரியாக அழுந்தாமல் இருந்தது. பக்கத்துக் கண்ணியின் மூட்டில், பற்றவைக்க உருக்கும் உலோகமான பற்றாசு வழிந்து இறுகியிருந்தது. வளைய வேண்டிய மூட்டு வளையாவிட்டால், அதற்கு அடுத்த மூட்டு இரண்டு மூட்டின் வேலையையும் செய்து சீக்கிரம் தேயும். ஒருநாள் பிரேஸ்லெட் அங்கேதான் அறுந்து விழும். ஒரு கல்லைத் திருடியதோடு, மீதி 49 கற்களையும் தொலைக்க வழி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அறிக்கையோடு கடைக்குப் போனேன். ஒரு பேனா போன்ற கருவியைக் கொண்டுவந்து கல்லில் வைத்தார்கள். "பீப்" என்று ஒலித்தது. "பாருங்கள், வைரம்தான்" என்றார் மேலாளர். இந்த இடத்தில் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கருவி பார்ப்பது கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். வைரம்போல் தோன்றும் செயற்கைக் கல்லான சாதாரண சிர்கோனியா அதில் பிடிபடும். மோய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அது வைரம் போலவே ஒலியெழுப்பித் தப்பிவிடும். மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் கருவி வேண்டும், அல்லது லென்ஸை வைத்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தை மாற்றி வைத்திருந்தால் இந்தக் கருவிகளிலும் லென்ஸிலும் வித்தியாசம் தெரியாது. அதற்குத் தக்க சாதனங்கள் உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

கருவி வாதம் எடுபடாததும் பேச்சு மாறியது. வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவினேனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதனால்தான் அந்தக் கல் வேறு மாதிரித் தெரிகிறது என்றார்கள். சுத்தப் பொய். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மென்மையான பிரஷ், இவற்றால் வைரத்துக்கு எதுவும் ஆகாது. சொல்லப்போனால் அப்படிக் கழுவத்தான் வேண்டும். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும். சுரங்கங்களில் உடைத்த கல்லிலிருந்து வைரத்தைப் பிரிக்க, கிரீஸ் தடவிய பரப்பில் தண்ணீரோடு ஓடவிடும் முறைக்கே இந்தக் குணம்தான் அடிப்படை. கையில் தடவும் கிரீம் கற்களின் பின்பக்கம் படிந்தால் ஜொலிப்பு மங்கிவிடும். பிரஷ்ஷைப் பின்பக்கத்தில் விட்டுத் தேய்த்தால் திரும்ப வந்துவிடும். எந்தச் சோப்பும் ஒரு வைரத்தை மோய்சனைட்டாக்காது.

உண்மையில் அஞ்ச வேண்டியது குளோரின். ப்ளீச் வகைகளும் நீச்சல் குளத் தண்ணீரும் கல்லை ஒன்றும் செய்யாது, ஆனால் தங்கக் கலவையைத் தாக்கி மெல்லிய பிடிகளை முறியவிடும். அவற்றில் கைவைக்கும்முன் கழற்றிவிடுங்கள். மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். வைரம் வைரத்தையே கீறும், தங்கத்தைக் கேட்கவே வேண்டாம். அதிர்வலையால் கழுவும் இயந்திரத்தில், பிடிகளைப் பரிசோதிக்காமல் போட விடாதீர்கள். பிடி தளர்ந்திருந்தால் கல் அங்கேயே உதிர்ந்துவிடும். வெடிப்பைக் கண்ணாடியால் நிரப்பிய கல்லாக இருந்தால் அந்த நிரப்பே பாழாகலாம். ஒரு மெல்லிய துணியை அவ்வப்போது கற்களின் மேல் இழுத்துப் பாருங்கள், நூல் சிக்கினால் அங்கே ஒரு பிடி எழும்பியிருக்கிறது. கொக்கியின் நாக்கு உள்ளே நுழையும்போது "க்ளிக்" என்று கேட்க வேண்டும், பக்கத்தில் எட்டு வடிவப் பாதுகாப்புக் கொக்கியும் இருக்க வேண்டும். அது இல்லாத பிரேஸ்லெட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கடை கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் ஆபத்தானது: "நீங்களே வெளியில் எங்காவது மாற்றியிருக்கலாமே." இதற்குச் சான்றிதழ் உதவவில்லை. பிரேஸ்லெட்டுக்குத் தரும் சான்றிதழ் ஒற்றைப் பெரிய வைரத்துக்குத் தருவதைப் போன்றது அல்ல. பதித்த கற்களைக் கழற்றாமல் பார்ப்பதால், எல்லாக் கற்களுக்கும் சேர்த்து நிறம் ஜி முதல் எச் வரை (ஏறக்குறைய நிறமற்ற தரம்), தெளிவு எஸ்ஐ (சிறு உட்குறைகள் உள்ள தரம்) என்று ஒரு வரம்பைத்தான் எழுதுவார்கள். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்ற அடையாளம் அதில் இருக்காது.

அதனால் வேலைச் சீட்டுதான் உங்கள் ஒரே ஆவணம். கற்களின் எண்ணிக்கை, உங்கள் கண் முன்னால் போட்ட மொத்த எடை, நீளம், எத்தனை கண்ணி கழற்றப்போகிறார்கள், கழற்றியவற்றைக் கல்லோடு திருப்பித் தருவார்கள் என்ற உறுதி, இவை எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் நகையைக் கொடுக்காதீர்கள். வேறு இடத்தில் காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கொடுக்கும்முன் முன்பக்கமும் பின்பக்கமும் நெருக்கத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கொக்கிக்கு இருபுறமும் உள்ள கண்ணிகளை. அளவு குறைக்கும்போது வேலை நடப்பது அங்கேதான். வேலை முடிந்து திரும்ப வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள், எடை போடச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணிகளின் எடையையும் கூட்டினால் பழைய எடைக்கு மிக அருகில் வர வேண்டும்.

எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு கண்ணிகள் "பட்டறையில் கிடைத்துவிட்டன" என்று நான்கையும் திருப்பித் தந்தார்கள். அவற்றைப் பரிசோதகரிடம் காட்டினேன். நான்கும் வைரம், என் வரிசையின் நிறத்தோடு பொருந்துகின்றன. மாற்றிய கல்லைப் பற்றி இதுவரை எழுத்தில் ஒரு பதிலும் இல்லை. அந்தக் கண்ணியை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன், சரிசெய்யக் கொடுக்கவில்லை, சாட்சிப்பொருள் அதுதான். இதே மாதிரி நடந்திருந்தால் நீங்களும் அவசரப்பட்டுக் கல்லை மாற்றிவிடாதீர்கள், முதலில் பரிசோதகரின் கையெழுத்திட்ட அறிக்கையை வாங்குங்கள்.