யமஹா 724 சவுண்ட் கார்டு + விண்டோஸ் 98: கார்டு சூப்பர், டிரைவர்தான் கழுத்தறுப்பு

முதல்லயே சொல்லிடறேன், விண்டோஸ் 98 எஸ்இ ஓடற பழைய மெஷினுக்கு பிசிஐ (மதர்போர்டுல கார்டு சொருகற ஸ்லாட் வகை) சவுண்ட் கார்டு தேடறீங்கன்னா யமஹா ஒய்எம்எஃப்724 சிப் போட்ட கார்டு கண்ல பட்டா யோசிக்காம வாங்கலாம். ஆனா கூட வர்ற சிடிய மட்டும் நம்பிடாதீங்க. என்கிட்ட வந்தது பேரே இல்லாத ஏதோ ஒரு கம்பெனி போர்டு, நடுவுல யமஹா சிப் மட்டும் ஜம்முன்னு உக்காந்திருக்கு, டப்பால இருந்த சிடிய போட்டு பாத்தா அதுல வேற ஏதோ சிப்போட டிரைவர். விக்கறவங்களுக்கு என்ன, கைக்கு கிடைச்ச சிடிய உள்ள தள்ளி அனுப்பிடறாங்க.

சரி, ஏன் குறிப்பா இந்த சிப்பு? டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கேம்ஸ் விளையாடறவங்களுக்கு தெரியும், அந்த காலத்து மியூசிக் பெரும்பாலும் ஓபிஎல்2, ஓபிஎல்3ங்கற யமஹாவோட எஃப்எம் சிப்புகளுக்காக எழுதினது, எஃப்எம்னா பதிவு பண்ண சத்தம் இல்லாம சிப்பே அலைகள கலந்து சத்தத்த உண்டாக்கறது. பிசிஐ காலம் வந்ததும் நிறைய கார்டுகள்ல அந்த எஃப்எம்ம தூக்கிட்டு சாம்பிள (முன்னாடியே பதிவு பண்ண சத்தத் துண்டு) வச்சு ஒப்பேத்துனாங்க, கேட்டா ஏதோ பக்கத்து வீட்ல பாட்டு ஓடற மாதிரி இருக்கும். 724ல நிஜமான எஃப்எம் சிந்தசைசர் சிப்புக்குள்ளயே இருக்கு. பேஸ் கணீர்னு விழுது, டிரம் அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது. அது போக விண்டோஸ்ல ஒரே நேரத்துல 64 குரல் வர்ற எக்ஸ்ஜி மிடியும் (யமஹாவோட மிடி இசை முறை) உண்டு, சவுண்டு சாம்பிள சிஸ்டம் ராம்ல இருந்து எடுத்துக்கும், கார்டு மேல தனியா ராம் எதுவும் தேவையில்ல.

இப்ப தலைவலி பகுதிக்கு வருவோம். கார்ட சொருகி ஆன் பண்ணா விண்டோஸ் 98 "பிசிஐ மல்டிமீடியா ஆடியோ டிவைஸ்"னு ஒரு மஞ்ச கேள்விக்குறிய போட்டுட்டு கைய விரிச்சிடும். எந்த சிப்புன்னு சந்தேகமா இருந்தா ஸ்க்ரூடிரைவர தேட வேண்டாம், பூட் ஆகும்போது பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற மதர்போர்டு புரோகிராம்) ஒரு பிசிஐ லிஸ்ட் காட்டும் பாருங்க, அது வர்ற நேரம் பாத்து பாஸ் கீய அழுத்துங்க, திரை அப்படியே நிக்கும், மல்டிமீடியா டிவைஸ்னு போட்ட வரில வெண்டர் ஐடி 1073ன்னு இருந்தா அது யமஹா, பக்கத்துல 0004ன்னு இருந்தா 724, 0010ன்னா 744. இத குறிச்சு வச்சிட்டு டிரைவர் தேடுனா பாதி அலைச்சல் மிச்சம். தேடற இடத்துலயும் உஷார், டிரைவர் தர்றோம்னு சொல்லி "அப்டேட்டர்"னு ஒரு எக்ஸ்இய கைல திணிக்கற சைட்டுங்க நிறைய, அத இறக்கவே இறக்காதீங்க, டிரைவர் ஃபோல்டர்னா உள்ள ஒரு ஐஎன்எஃப் ஃபைல் (டிரைவர எப்படி ஏத்தணும்னு விண்டோஸுக்கு சொல்ற ஃபைல்) கண்டிப்பா இருக்கணும், இல்லைன்னா மூடிட்டு கிளம்பிடுங்க.

இந்த ரிவ்யூல ஒரே ஒரு விஷயத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதான்: இந்த சிப்புக்கு விண்டோஸ் 98ல ரெண்டு வகை டிரைவர் இருக்கு, ஒண்ணு விஎக்ஸ்டிங்கற பழைய பாணி, இன்னொண்ணு டபிள்யூடிஎம்ங்கற பின்னாடி வந்த பாணி. டபிள்யூடிஎம் புதுசு, அதனால அதான் பெட்டர்னு தோணும், ஆனா 98ல அப்படி இல்ல. டபிள்யூடிஎம் போட்டா எல்லா சத்தமும் மைக்ரோசாஃப்ட்டோட கேமிக்சர் வழியா சாஃப்ட்வேர்ல கலந்துதான் வெளிய வரும், அதுலயே ஒரு 30 மில்லிசெகண்ட் தாமதம், துப்பாக்கி சுடற கேம்ல பட்டன அழுத்துனதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியும். விஎக்ஸ்டில புரோகிராம் நேரா கார்டோட பேசும், டாஸ் விண்டோல ஓடற கேமுக்கும் சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ (டாஸ் கேம்ஸ் எதிர்பாக்கற பழைய சவுண்ட் கார்டு) மாதிரியே கார்டு காட்சி தரும். எந்த டிரைவர் உள்ள ஏறிருக்குன்னு பாக்கணும்னா டிவைஸ் மேனேஜர்ல கார்ட டபுள் கிளிக் பண்ணி, டிரைவர் டேப்ல ஃபைல் டீட்டெய்ல்ஸ் அழுத்துங்க, லிஸ்ட்ல விஎக்ஸ்டி ஃபைல் இருந்தா ஓகே, வெறும் எஸ்ஒய்எஸ் ஃபைலா இருந்தா ரிமூவ் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிங்க.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி சில வேலை இருக்கு, இத விட்டுட்டுதான் பல பேர் கார்டு சரியில்லன்னு திட்டறாங்க. மதர்போர்ட்லயே சவுண்டு இருந்தா பயாஸ்ல ஆஃப் பண்ணுங்க. சிப்செட் டிரைவர் முதல்ல, அதுக்கப்புறம் டைரக்ட்எக்ஸ், சவுண்ட் கார்டு கடைசில. முக்கியமா பயாஸ்ல பிஎன்பி/பிசிஐ பக்கத்துக்கு போய் ஐஆர்க்யூ (கார்டு ப்ராசசர கூப்பிடற லைன் நம்பர்) 5ஐ லெகசி ஐஎஸ்ஏவுக்குன்னு, அதாவது பிசிஐக்கு முந்தின பழைய வகை கார்டுக்குன்னு ஒதுக்கிடுங்க. காரணம் என்னன்னா இந்த கார்டு ரெண்டு வேஷம் போடுது, பிசிஐ கார்டா அதுக்கு ஒரு ஐஆர்க்யூ, பழைய சவுண்ட் பிளாஸ்டரா நடிக்க இன்னொரு ஐஆர்க்யூ. அந்த ரெண்டாவது 5ல இருந்தாதான் பெரும்பாலான டாஸ் கேம் நிம்மதியா இருக்கும். நீங்க ஒதுக்காம விட்டா பயாஸ் அந்த 5ஐ நெட்வொர்க் கார்டுக்கோ யுஎஸ்பிக்கோ தூக்கி குடுத்திடும், அப்புறம் சத்தம் ஒரு செகண்ட் வந்து அதே துண்டு திரும்ப திரும்ப ஓடும், இல்லைன்னா மெஷினே உறைஞ்சிடும். உபயோகிக்காத காம் போர்ட், பிரிண்டர் போர்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வைங்க, ஐஆர்க்யூ மொத்தமே 16தான், அதுல பாதி ஏற்கனவே ஆளு வச்சிருக்கு.

டிரைவர் ஏறும்போது "விண்டோஸ் 98 சிடிய போடு"ன்னு கேக்கும், ஒரு தடவ இல்ல, கேட்டுகிட்டே இருக்கும். சிடில இருக்கற வின்98 ஃபோல்டர அப்படியே ஹார்ட்டிஸ்க்ல காப்பி பண்ணி வச்சிட்டு அந்த பாதைய காட்டிட்டா தொல்லை ஒழிஞ்சது. உங்க ஃபைல விட பழைய ஃபைல் வருது, இருக்கறதயே வச்சுக்கலாமான்னு கேட்டா எஸ் குடுங்க. ரீஸ்டார்ட் ஆனதும் டிவைஸ் மேனேஜர்ல மெயின் கார்டு தனியா, லெகசின்னு பேர் போட்டு இன்னொண்ணு தனியா நிக்கும், அந்த லெகசிக்குள்ள போய் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (ப்ராசசர தொந்தரவு பண்ணாம சவுண்டு டேட்டாவ மெமரில இருந்து எடுக்கற வழி) 1, எஃப்எம் 388, மிடி 330ன்னு இருக்கான்னு பாருங்க, கேமோட செட்டப்லயும் இதே நம்பர குடுங்க. ஒண்ணு கவனம், கேம் செட்டப்ல சவுண்ட் பிளாஸ்டர் 16ன்னு தேர்ந்தெடுக்காதீங்க, இந்த கார்டு ப்ரோ வரைக்கும்தான் நடிக்கும், 16 பிட் டிஎம்ஏ இதுக்கு கிடையாது. சத்தத்தோட தரத்துல இதுதான் இதோட பெரிய குறை, ப்ரோன்னா 8 பிட்தானே, குரல் வர்ற கேம்ல லேசா கரகரப்பு தெரியும்.

விண்டோஸ் இல்லாம சுத்தமான டாஸ்ல பூட் பண்றவங்களுக்கு கதை கொஞ்சம் வேற. செட்அப்டிஎஸ்னு ஒரு புரோகிராம் கார்ட எழுப்பிவிடும், அதோட டிஎஸ்டிஎம்ஏன்னு ஒண்ணு மெமரில உக்காந்து பழைய டிஎம்ஏவ போலியா செஞ்சு காட்டும், ஆனா அதுக்கு கான்ஃபிக்.சிஸ்ல (டாஸோட ஆரம்ப செட்டிங் ஃபைல்) இஎம்எம்386ங்கற மெமரி மேனேஜர் லோடு ஆகிருக்கணும். இஎம்எம்386ஓட ஒத்துப்போகாத கேம்னா அங்கயே மாட்டிக்கும். இதுக்கு நிஜமான வழி எஸ்பி-லிங்க். கார்டுலயும் மதர்போர்டுலயும் சின்னதா ஒரு பின் வரிசை இருக்கும், நடுவுல ஒரு கேபிள் போட்டா டிஎம்ஏ வேலைய ஹார்டுவேரே பாத்துக்கும், டிஎஸ்டிஎம்ஏ தேவையே இல்ல. பென்டியம் 2 காலத்து 440பிஎக்ஸ் போர்டுகள்ல இந்த பின் பல இடத்துல இருக்கும், பின்னாடி வந்த போர்டுகள்ல தேடறது கஷ்டம். கேபிள மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க மேனுவலயும் பாத்து பின் ஒண்ணு எதுன்னு ஒத்து பாருங்க.

சிடி பாட்டு மட்டும் வரலைன்னா பயப்பட வேண்டாம், டிரைவ் பின்னால இருந்து கார்டுக்கு வர்ற நாலு பின் ஆடியோ ஒயர் விட்டுப்போயிருக்கும். ஒயர் கைல இல்லைன்னா கண்ட்ரோல் பேனல்ல மல்டிமீடியா, சிடி மியூசிக் டேப்ல டிஜிட்டல் சிடி ஆடியோவ டிக் பண்ணலாம், விண்டோஸ் கேம் பலதுக்கு அதுவே போதும், டாஸுக்கு ஒயர்தான் வழி. ஹெட்ஃபோன்ல உஸ்ஸுன்னு இரைச்சல் வந்தா வால்யூம் கண்ட்ரோல்ல மைக், லைன்-இன் ரெண்டையும் மியூட் பண்ணுங்க, என் போர்டுல அதுக்கப்புறம் லேசாதான் கேக்குது, இந்த மாதிரி பேர் தெரியாத போர்டுக்கு அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது.

மார்க் போடணும்னா சிப்புக்கு பத்துக்கு ஒன்பது, போர்டுக்கு ஆறு, கூட வந்த சிடிக்கு பூஜ்யம். 744 கிடைச்சாலும் எடுங்க, அது நாலு ஸ்பீக்கர் வரைக்கும் போகும், மேல சொன்ன வேலை எல்லாம் அதுக்கும் அப்படியே பொருந்தும். லினக்ஸ்ல போடறவங்களுக்கு ஆல்சாலயே (லினக்ஸோட சவுண்டு சிஸ்டம்) டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் ஃபைல் இல்லைன்னு ஏதாச்சும் கத்துனா ஃபர்ம்வேர் பேக்கேஜ் ஒண்ண ஏத்திட்டா சரி, ஆனா அதுக்காக மட்டும் இந்த கார்ட வாங்கணும்னு அவசியமே இல்ல.