விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மின்ட்: தமிழில் வேலை செய்பவருக்கு எது?

என் மடிக்கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி நினைவகம். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் எல்லாம் அதில்தான். விசைகளில் எழுத்து தேய்ந்துவிட்டதே தவிர, இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் என் கணினி வெளியே நின்றது.

பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அது அவகாசம்தான், தீர்வு அல்ல. எனவே என் முன் இருந்தவை மூன்று வழிகள்: விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி, மேக், இருக்கும் கணினியிலேயே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். நான் மின்ட்டுக்கு மாறி ஐந்து மாதங்கள் ஆகின்றன. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விலை, தோற்றம், வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்ட் இலவசம், பழைய கணினியில் விறுவிறுப்பாக ஓடுகிறது, அதன் சினமன் முகப்பு விண்டோஸ் பழகியவரை மிரள வைக்காது. மேக் அழகு, விலையும் அதற்கேற்ப. விண்டோஸ் 11 எல்லாருக்கும் தெரிந்தது. இந்த மூன்று வரிகளை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: என் விரல்களும் என் பழைய கோப்புகளும் புதிய இடத்துக்கு என்னோடு வருமா என்ற கேள்வி.

முதலில் விரல்கள். நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வந்த முறை அது. அதன் அருமை, எழுத்துகள் எந்த விசையில் இருக்கின்றன என்பதைவிட, புள்ளியைத் தானே இட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ என்று எழுதும்போது ங-வுக்குப் பின் க வந்ததும் அங்கேயும் புள்ளி தானாக விழும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு நிரல் மூலம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததால், புள்ளியைப் பற்றி நினைக்கும் பழக்கமே விரல்களுக்கு விட்டுப்போயிருந்தது.

மின்ட்டில் முதல் நாளே தடுமாறினேன். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து அதைச் சேர்த்தேன். தட்டினால் புள்ளிகள் விழவில்லை. அரை நாள் போனபின்தான் விளங்கியது: லினக்ஸில் தமிழ்99 என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று வெறும் விசை அமைப்பு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும், முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து விதியைச் செயல்படுத்தாது. மற்றது, ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் வருவது. நமக்கு வேண்டியது இரண்டாவது. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பழகியவர்களுக்கான பழைய தட்டச்சுமுறை, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை ஆகியவையும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அதை அமைத்த பிறகு என் வேகம் ஏறத்தாழத் திரும்பிவிட்டது. தட்டிக்கொண்டிருக்கும் எழுத்து உறுதியாகும்வரை அதன் கீழே ஒரு கோடு தெரியும். அது கண்ணுக்குப் பழக ஒரு வாரம் ஆனது.

இந்த ஒரு விஷயத்தில் மேக் மின்ட்டை முந்துகிறது. அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு விசைமுறை, தமிழ்99 இரண்டும் இயங்குதளத்தோடே வருகின்றன. எதையும் தேடி நிறுவ வேண்டாம். இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களும் கண்ணுக்கு நிறைவானவை. விண்டோஸ் 11-லும் இப்போது அஞ்சலும் தமிழ்99-உம் உள்ளேயே இருக்கின்றன. மேக் பற்றி இதற்கு மேல் நான் உறுதியாகப் பேசக்கூடாது. என் அக்காவின் கணினியை இரண்டு வாரம் வாங்கி வைத்திருந்த அனுபவம்தான். கன்ட்ரோல் செய்த வேலையைக் கமாண்ட் விசை செய்வதை என் இடக்கை ஏற்கவே இல்லை. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் ஏற்றிருக்கலாம். பழைய மேக் வாங்க எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலி உள்ள மேக் கணினிகளுக்கு 2025-இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு. பழையது வாங்குவதாக இருந்தால் ஆப்பிளின் எம்1 செயலியோ அதற்குப் பிந்தையதோ உள்ளதாக இருக்கட்டும். இல்லையென்றால், எதிலிருந்து தப்பி வந்தோமோ அதே இடத்தில் விரைவில் மறுபடியும் நிற்போம்.

இனி கோப்புகள். மாறுபவர்கள் கவலைப்படுவது கோப்பு திறக்குமா என்பதைப் பற்றி. திறக்கும். வேர்டு கோப்பை லிபர்ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்கும், திருத்தத் தடங்களையும் குறிப்புகளையும் காட்டும். சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து மைக்ரோசாப்ட் தந்துவரும் எழுத்துரு. நிர்மலா யுஐ அதற்குப் பின் வந்தது. எனக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் இருக்கும். மின்ட்டில் இவை இல்லை. லிபர்ஆபிஸ் வேறொரு தமிழ் எழுத்துருவை வைத்துக் காட்டிவிடுகிறது. எழுத்துகளின் அகலமும் வரி உயரமும் மாறுவதால் பக்கங்கள் நகர்கின்றன. எனக்கு வந்த ஒரு நாவலின் மெய்ப்பு அனுப்பியவர்களிடம் 212 பக்கம், என்னிடம் 221. ‘பக்கம் 140, கீழிருந்து நான்காம் வரி’ என்று நான் எழுதிய குறிப்பு அங்கே வேறு வரியைக் காட்டியது. அந்த ஒரு வாரத்தில் விண்டோஸுக்கே திரும்பிவிடலாம் என்று உண்மையாகவே எண்ணினேன்.

இதற்கு நான் கண்ட வழி, இரு பக்கமும் ஒரே எழுத்துருவுக்கு வருவது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்றவை இலவசம். எந்த இயங்குதளத்திலும் நிறுவலாம். என்னோடு வேலை செய்யும் இரண்டு பதிப்பாசிரியர்களும் நோட்டோ செரிஃபுக்கு ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் பக்க எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டு, வரியையே மேற்கோளாகக் கொடுக்கிறேன். இன்னொன்று: லிபர்ஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்து வடிவம் என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. பாணி அமைப்பில் மேற்கத்திய எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டுமே மாறும், தமிழ் அப்படியே நிற்கும். மொழி அமைப்பில் அந்தப் பிரிவைச் செயல்படுத்தி, தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் தனியாக அமைக்க வேண்டும். இது தெரியாமல் லிபர்ஆபிஸுக்குத் தமிழ் வராது என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தமிழ் நன்றாகவே வருகிறது.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் தனிக் கதை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ளவை பெரிய தொல்லை தரவில்லை; அந்த எழுத்துருவை மின்ட்டில் நிறுவியதும் படிக்க முடிந்தது. பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளில்தான் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 6, 7-ஆம் பதிப்புக் கோப்புகளை லிபர்ஆபிஸ் டிரா திறக்கிறது. உரையை மீட்டெடுக்க அது போதும். பக்க வடிவம் அச்சு அசலாக வரும் என்று நம்ப வேண்டாம். நான் திறந்து பார்த்தது ஐந்தாறு கோப்புகளைத்தான். இன்றும் பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ பக்கம் கட்டுபவர்களுக்கும், டேலியில் கணக்கு எழுதுபவர்களுக்கும் விண்டோஸ் 11-தான் சரி. அவர்களை மின்ட்டுக்கு அழைப்பது நியாயம் அல்ல.

பராமரிப்பில் மின்ட் எனக்குப் பெரிய நிம்மதி. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. அவை வந்திருக்கின்றன என்று சொல்லும். எப்போது ஏற்றுவது என்பதை நான்தான் தீர்மானிக்கிறேன். வேலைக்கு நடுவே கணினி தானாக மறுதொடக்கம் ஆனதில்லை. ஏதாவது கெட்டால் டைம்ஷிஃப்ட் மூலம் முந்தைய நிலைக்குப் போகலாம். ஒருமுறை போயிருக்கிறேன், கால் மணி நேரத்தில் முடிந்தது. நிரல்களை இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை விட வேண்டும். மின்ட்டின் மென்பொருள் நிர்வாகியில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அச்சுப்பொறியில் தோற்றேன். வீட்டில் இருந்த பழைய லேசர் அச்சுப்பொறிக்கான இயக்கியை நிறுவ ஒரு ஞாயிறு முழுவதும் போனது. இன்னும் ஒழுங்காக அச்சிடவில்லை. பிடிஎஃப் ஆக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகிறேன். கைரேகைப் பூட்டு, விளையாட்டுகள் பற்றி எனக்கு அனுபவம் இல்லை.

மாற எண்ணுபவர்கள் நிறுவுவதற்கு முன் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் சோதித்த கையோடு, உங்களிடம் உள்ளதிலேயே நீளமான தமிழ்க் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் எண் விண்டோஸில் இருந்ததேதானா என்று பாருங்கள்.