ஓஹையோ வகுப்பு நீர்மூழ்கி: உதிரிபாகம் மாற்றும் வசதிக்கு எத்தனை மார்க்?

அமெரிக்கக் கடற்படையின் ஓஹையோ வகுப்பு என்றாலே பேச்சு அது சுமக்கும் அணு ஏவுகணையான ட்ரைடன்ட்டுக்குப் போய்விடும். நம்மைக் கேட்டால், 170 மீட்டர் நீளமுள்ள இந்த அணுசக்திக் கப்பலின் மிகச் சிறந்த வடிவமைப்பு அதன் முதுகில் இருக்கும் மூன்று அகலமான ஹேட்ச்கள்தான், அதாவது மூடியுள்ள மேல்வாசல்கள்.

வழக்கமான நீர்மூழ்கியின் ஹேட்ச், ஏணி பிடித்து ஓர் ஆள் இறங்குகிற அளவுதான். உள்ளே ஒரு பெரிய பம்ப் கெட்டால் அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் தூக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் கப்பலின் உடலையே வெட்டி, வேலை முடிந்ததும் வெல்டிங் செய்து, அந்த வெல்டை முழுக்கச் சோதிக்க வேண்டும். ஓஹையோவில் சாமான் அடுக்கிய பலகைகளும் இயந்திரப் பாகங்களும் கிரேன் வழியாக அப்படியே ஏறி இறங்கும். சராசரியாக 77 நாள் கடலில், 35 நாள் துறைமுகத்தில் என்ற கணக்கு இதனால்தான் சாத்தியம். நீலம், தங்கம் என்று இரண்டு குழுக்கள் முறைபோட்டு ஓட்டுகின்றன.

ஹேட்ச் மட்டும் போதாது. கெட்டுப்போகும் வரை காத்திருந்தால் 35 நாளில் எதுவும் முடியாது. ட்ரைப்பர் என்ற திட்டப்படி, தேய்மானக் காலம் தெரிந்த கருவிகளை அவை நன்றாக ஓடும்போதே கழற்றிவிடுகிறார்கள். சேமிப்பில் இருக்கும் புதுப்பித்த கருவி அந்த இடத்தில் உட்காரும். கழற்றியது பட்டறைக்குப் போய்ச் சீராகி, சோதனை முடிந்து, சேமிப்புக்குத் திரும்பும். அருமையான சுழற்சி. சேமிப்பு காலியானால்தான் சிக்கல். இன்னொரு கப்பலிலிருந்து பிடுங்கிப் போட்டால் கழற்றுவது, பொருத்துவது, சோதிப்பது எல்லாமே இரண்டு தடவை. 30 ஆண்டுக்கென்று திட்டமிட்ட ஆயுள் 42 ஆகிவிட்டது. இந்த வகுப்பின் முதல் கப்பல் பணியில் சேர்ந்தது 1981இல். பழைய பாகங்களைச் செய்து தருகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

பாகம் கிடைத்தாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். 1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. அதன்பின் வந்ததுதான் சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்பு விதிமுறை. கடல்நீரைத் தடுத்து நிறுத்தும் எந்த வால்வை, எந்தக் குழாய் இணைப்பைத் திறந்தாலும், என்ன கழற்றினார்கள், என்ன பொருத்தினார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பது படிப்படியாகப் பதிவாக வேண்டும். நிக்கல்-செம்புக் கலவை போல்ட்டையும் வேறொரு கலவை போல்ட்டையும் அருகருகே வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். எது எந்த உருக்கலில் (ஒரே தடவை உருக்கிய உலோகத் தொகுதியில்) வந்தது என்று காட்டுவது அதன் குறியீடும் சான்றிதழும்தான்.

அந்தச் சான்றிதழே பொய்யானால்? அமெரிக்காவின் டகோமா நகரில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில் 1985 முதல் 2017 வரை, நீர்மூழ்கி உடலுக்கான எஃகு வார்ப்புகளின் சோதனை எண்கள் திருத்தப்பட்டன. மைனஸ் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் செய்யும் சோதனை தேவையற்றது என்று அங்கிருந்த உலோகவியல் பொறுப்பாளர் நினைத்ததும் ஒரு காரணம். 2021இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எந்த ஹேட்ச் அகலமும் இதற்கு மருந்தாகாது.

அடுத்து வரும் கொலம்பியா வகுப்பில் அணு எரிபொருளை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம். நடுவயதில் கப்பலை நீண்ட காலம் கட்டிப்போடும் அந்த வேலை இல்லாததால் ஓஹையோவின் 14 ஏவுகணைக் கப்பல் செய்ததை 12 கப்பலே செய்யும் என்பது கணக்கு. ஆனால் பம்பும் வால்வும் தேயத்தான் செய்யும். ஹேட்ச் வடிவமைப்புக்குப் பத்துக்குப் பத்து தரலாம். உதிரிபாகச் சேமிப்புக்கு ஆறுக்கு மேல் தர மனம் வரவில்லை.