கருவேலங்காட்டை அரைக்கும் இயந்திரம் என்று விற்கிறார்கள், நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஒரு லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். சீமைக் கருவேலம் மண்டிய புஞ்சையைச் சொந்த டிராக்டரை வைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பையில் கையை விடுங்கள். கோபம் ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நிலம் கமுதிப் பக்கம், முண்டு மிளகாய் விளைந்த மண். அப்பா படுத்த படுக்கையான பிறகு தரிசாகக் கிடந்து, ஆள் நுழைய முடியாத காடாகிவிட்டது. கரிமூட்டக்காரர்கள் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அடித்தூரை அப்படியே விட்டுப் போனதால் ஒரு மழைக்கே ஒன்று பத்தாகத் துளிர்த்துக்கொண்டது.

அப்போதுதான் வேளாண் இயந்திரங்களை விற்கும் ஓர் இணையதளத்தில் அந்த மல்ச்சரை, அதாவது அரைத்துத் தூளாக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன். டிராக்டரின் பின்னால் மாட்டி, எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டில் ஓட்டுவது. வீடியோவில் தொடை கனத்துக் கருவேல மரம் தூளாகிக்கொண்டிருந்தது. எண்ணைக் கொடுத்ததும் விற்பனையாளரே அழைத்தார். "அண்ணே, உங்கள் டிராக்டர் எத்தனை குதிரைத்திறன்?" என்று அவராகவே கேட்டார். ஐம்பது என்றேன். ஆர்சி நகலை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். "தாராளமாகப் போதும் அண்ணே, கருவைக்கென்றே செய்த இயந்திரம். எங்கள் அப்பாவும் விவசாயிதான், விவசாயி காசில் நான் விளையாட மாட்டேன்." உங்கள் பக்கம் மழை உண்டா என்று வேறு விசாரித்தார். அந்த விசாரிப்பின் விலை ஒரு லட்சத்து 85 ஆயிரம். முழுத்தொகையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், லாரி வாடகை தனி.

வந்து இறங்கியது வைக்கோலும் கரும்புத் தோகையும் அரைக்கிற மல்ச்சர். ரோட்டர் என்கிற சுழலும் உருளையில் தொங்கி ஆடும் ஒய் வடிவக் கத்திகள், கனமான எதிலாவது மோதினால் பின்னுக்கு மடங்கிவிடும். தோகைக்கு அது சரி. மரத்தை அரைக்க ரோட்டரோடு அசையாமல் பிணைத்த கார்பைடு பற்கள் வேண்டும், சுழற்ற இன்னும் பெரிய வண்டி வேண்டும். வீடியோவில் ஓடியது அந்த வகைதான், அதுவும் டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டியின் முன்னால் மாட்டியது. வண்டி கண்ணில் படாதபடி வெட்டி எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பட்டறை மெக்கானிக் ஒரே பார்வையில் சொன்னார். ஆனால் அதற்குள் மணிக்கட்டு கனமுள்ள கருவையிலேயே கத்திகள் வளைந்து, பக்கவாட்டு பெல்ட்டுகள் புகைந்து அறுந்து, கியர்பாக்ஸ் விரிசல் விட்டு எண்ணெய் கொட்டியிருந்தது. போதாததற்கு டயர்களில் முள்.

அழைத்தேன். "அண்ணே" அன்றே "சார்" ஆகிவிட்டது. முதலில் வீடியோ அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன். பொறியாளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார். பிறகு, ஈர மரத்தை விட்டது உங்கள் தவறு என்றார். நின்ற மரம் ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்குமாம்? கடைசியில், உங்கள் டிராக்டருக்குச் சக்தி போதாது என்று ஒரு பதில். ஆர்சியை வாங்கிப் பார்த்த அதே ஆள்! கத்தியும் பெல்ட்டும் தேய்மானப் பொருள், கியர்பாக்ஸுக்குத் தவறான பயன்பாடு என்பதால் உத்தரவாதம் கிடையாதாம். தளத்துக்காரர்களைக் கேட்டால், வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்துவைப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன், "டிராக்டர் இணைப்புக் கருவி, ஒன்று" என்றுதான் இருக்கிறது. மரம் என்ற சொல்லே அதில் இல்லை.

அது ஒழுங்காக ஓடியிருந்தாலும் காடு தீர்ந்திருக்காது. சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் அடித்தூர் மறுபடி துளிர்க்கும். ஓரடி ஆழத்துக்காவது தோண்டித் தூரோடு பிடுங்க வேண்டும், அதற்கு ஜேசிபிதான் கதி. பிடுங்கிய பிறகும் நெற்றுத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலிருந்து புதுக்கன்று வரும், வருடா வருடம் களைய வேண்டும். கருவைக்கென்றே இயந்திரம் செய்தவருக்கு இது தெரியாதா?

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. எவ்வளவு கனமுள்ள மரத்தை அரைக்கும், எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் டிராக்டரில், உங்கள் காட்டில் ஓட்டிக் காட்டாதவருக்கு முழுப்பணம் தராதீர்கள். கத்தி தொங்குகிறதா, பிணைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரு லட்சத்து 85 ஆயிரத்தை விடுவதாக இல்லை. இதே வகை விளம்பரத்தில் பணம் கட்டி மாட்டியவர்கள் இருந்தால் பில், வங்கி ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒன்றாகவே மனுப் போடலாம்.