யானையா, காட்டுமாடா, கரடியா? கம்பம்மெட்டு ஜீப்பில் ஒரு பஞ்சாயத்து

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, எல்லை தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் காலை ஜீப்பில் 14 பேர் நெருக்கி உட்கார்ந்தால் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. போன வாரம் ஓடிய வழக்கு இது: காட்டு மிருகங்களில் எது ரொம்பக் கெட்டி? டிரைவர் அண்ணன் யானைக் கட்சி. பின்சீட்டு அக்கா கரடிக் கட்சி. புலிக்கு ஓட்டுப் போட்டது லீவுக்கு வந்திருந்த காலேஜ் பையன் மட்டும்தான். காட்டோரம் வேலை பார்க்கிற யாரும் புலியைச் சொல்லவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. 200 கிலோ ஆண் புலி தன்னைவிடப் பெரிய காட்டுமாட்டையே சாய்க்கும், சரி. ஆனால் அது பதுங்கி வந்து கழுத்தைக் கவ்வுகிற தொழில்காரன். நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பது அதற்குக் கட்டுப்படியாகாது. பாய்ச்சலில் பெரும்பாலானவை வீண்தான். கோரைப்பல் உடைந்தாலோ பாதம் புண்ணானாலோ பிழைப்பே போச்சு. தனியாக வேட்டையாடும் மிருகத்துக்கு மெடிக்கல் லீவு கிடையாது.

அந்தப் புண்ணை வைப்பது பல நேரம் ஒரு முள்ளம்பன்றி. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்ன வந்தது போட்டுவிட்டுப் போன முள் ஒன்றை அக்கா சாப்பாட்டுக் கூடையில் வைத்திருந்தார். ஒரு சாண் நீளம், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, நுனி தையல் ஊசி மாதிரி. அது முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடி வந்து குத்தும். குத்திய முள் கழன்று எதிராளியின் உடம்பில் தங்கிவிடும். இப்படி முள் ஏறி ஓய்ந்துபோன புலி, சிறுத்தைகள் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் பரிசு இதற்குத்தான். ஆனால் தேடிப் போய் வம்பிழுக்காத ஒன்றைக் களத்தில் இறக்குவது சரியில்லை என்று ஒதுக்கிவிட்டோம்.

செந்நாயையும் சீக்கிரமே தள்ளினோம். கூட்டமாக வந்தால் கடமானையே கிழித்துவிடும். தனியாக நின்றால் 15, 20 கிலோ, ஊர் நாய் சைஸ்தான்.

அப்புறம் காட்டுமாடு. நாம் காட்டெருமை என்கிறோம், மலையாளத்தில் காட்டுபோத்து. எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அதை எருமையாக்கிவிட்டோம். உண்மையில் அது மாட்டு இனம். மூடுபனியில் ஒருநாள் எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒரு காளை நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால், கொம்பு நுனியில் காயாத செம்மண், தோள் எங்கள் பானெட்டைத் தாண்டி எங்கேயோ. ‘புஸ்’ என்று ஒரு மூச்சு விட்டதும் வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. டிரைவர் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டார். அது அவசரப்படாமல் தேயிலைக்குள் இறங்கிப் போனது. பெரிய காளை ஒரு டன்னை நெருங்கும். இவ்வளவு இருந்தும் ஊர் மாட்டிலிருந்து தொற்றும் வெக்கை நோய்க்கு அந்தக் காலத்தில் ஏராளமாகச் செத்திருக்கின்றன. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது 2011இல்தான்.

யானைக்கு அண்ணன் வைத்த சாட்சி அரிக்கொம்பன். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்துப் பேர் வாங்கிய ஆள். 2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்துச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு, நாலு கும்கிகள் சேர்ந்து லாரியில் ஏற்றி, கழுத்தில் ரேடியோ காலரோடு பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 காலையில் கம்பம் தெருவில் வந்து நின்றது. ஊருக்கு 144 தடை. அந்த அமளியில் ஒரு உயிரும் போனது. ஜூன் 5 அன்று மறுபடி ஊசி, மறுபடி லாரி, தெற்கே மேல் கோதையாறு காட்டில் விட்டார்கள். “இதையெல்லாம் வேற எந்த மிருகம் தாங்கும்?” என்றார் அண்ணன். பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனாலும் என் ஓட்டு அக்கா பக்கம். “புலி நம்மளப் பாத்தா ஒதுங்கும் தம்பி. கரடி பாக்கவே பாக்காது, அதான் வம்பு” என்றார். உண்மைதான். அதற்குக் கண்பார்வை மட்டம். கறையான் புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது காதும் அவ்வளவு வேலை செய்யாது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு இல்லாததே அந்த உறிஞ்சலுக்காகத்தான். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திடுக்கிடும். திடுக்கிட்டால் ஓடாது, எழுந்து முகத்தைப் பார்த்து அடிக்கும். புலி வாழும் காட்டில் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரிவது அது. புலி வந்தாலும் எதிர்த்துப் பாயும்.

இன்னொரு விஷயம் தேனீ. யானை தேனீச் சத்தம் கேட்டாலே பின்வாங்கும். அதை வைத்துத்தான் கென்யாவில் தேன்பெட்டி வேலி கட்டினார்கள். 2021இல் குடகிலும் யானை வரும் வழியில் பெட்டி வைத்தார்கள். கரடி அதே தேனடைக்காக மரம் ஏறும். கொட்டு வாங்கிக்கொண்டே தின்னும்.

இதைச் சொன்னதும் அக்கா முள்ளைக் கூடையில் போட்டுவிட்டு வெற்றிலையை எடுத்தார். டிரைவர் அண்ணன் கியரை மாற்றிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அரிக்கொம்பன் வந்தன்னைக்கு நீங்க ஊர்ல இல்லல்ல தம்பி?”